பிலவேந்திரன் தூக்கின மூட்டை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கைதானே உங்களுக்கு? பைக்கா? கட்டைப் பார்த்ததுமே நெனச்சேன். எனக்கு முட்டி. இந்த டாக்டர்கிட்ட வந்தா காத்துக் கெடக்கணும், ஆனா கைராசிக்காரரு.

எந்த ஊரு நீங்க? திண்டிவனமா? அப்ப சரி. புதுச்சேரிக்காரரா இருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வீட்டுல பாத்ரூம்ல வழுக்கினதா சொல்லி வெச்சிருக்கேன். தெருவுலயும் அதேதான். கோயில்ல சாமியார் கேட்டாரு, அவருகிட்டயும் அதேதான் சொன்னேன், கடவுள் மன்னிக்கணும். ஆனா யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்குத் தலை வெடிச்சிடும்.

இதுக்கெல்லாம் காரணம் ஒரே ஆளு. பிலவேந்திரன். பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, கடற்கரைச் சாலையில யாரைக் கேட்டாலும் சொல்லுவான். எங்க ஊரு பெரிய வீரன். பிரெஞ்சு சர்க்கார் அவன் மார்புல சிலுவை மெடல் குத்தி, கன்னத்துல கன்னம் வெச்சு முத்தம் குடுத்திருக்கு. நான் இல்லைங்கல. ஆனா அந்த மெடல் எதுக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க.

என்னைத் தூக்கினதுக்கு சார்! என்னைத் தூக்கினதுக்கு!

நானும் சொல்தாதான். அமலோர்னு பேரு. சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துக்காரன். எங்க ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த வீட்டுல பையனுக்கு மீசை மொளைச்சா பட்டாளத்துக்கு அனுப்பிடுவாங்க. நானும் பிலவேந்திரனும் குருசுக்குப்பத்துல ஒரே தெரு. ஒரே நாள்ல சேர்ந்தோம். அவன் ஒல்லி. நான் அப்பவே கொஞ்சம் பூசினாப்ல இருப்பேன். குண்டுன்னு சொல்லாதீங்க, எலும்பு கனம்.

ஆப்பிரிக்காவுக்கு நடுவுல சாத்னு ஒரு நாடு இருக்கு. பூரா மணலு. எழுபத்தெட்டுல எங்களை அங்க அனுப்பினாங்க. உள்நாட்டுச் சண்டை. வடக்கத்தியான் ஒரு பக்கம், தெக்கத்தியான் ஒரு பக்கம். ஒரே வீட்டுல அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. நேத்து நம்ம கூட டீ குடிச்சவன் இன்னிக்கு எதிர்ல நின்னு சுடறான். நடுவுல நாங்க எதுக்குப் போனோம்? எனக்கு இன்னிவரைக்கும் யாரும் சொல்லல. நானும் கேக்கல. பட்டாளத்துல அதெல்லாம் கேக்கக் கூடாது.

அன்னிக்கு லாரியில போயிட்டு இருக்கோம். ஈச்ச மரத்தோப்பு பக்கம் திரும்பினதும் படபடன்னு சுட ஆரம்பிச்சிட்டான். எல்லாரும் குதிச்சு ஓடி ஒரு மண்சுவருக்குப் பின்னாடி போயிட்டாங்க. நான் குதிச்சேன், ரெண்டடி வெச்சேன், கெண்டைக்கால்ல குண்டு. விழுந்துட்டேன். வெட்டவெளி, மறைவு கிடையாது. நம்ம பெரிய மார்க்கெட்டுக்கு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி இருக்கும், அவ்வளவு தூரம் சுவருக்கு.

ஆனா நான் வந்துக்கிட்டுதான் இருந்தேன் சார்! அதைத்தான் யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நான் சும்மா கெடக்கல. மெதுவா வந்துக்கிட்டு இருந்தேன். படுத்துக்கிட்டே வந்துக்கிட்டு இருந்தேன். நடுவுல கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன், அது வேற.

அதுக்குள்ள இந்தப் பிலவேந்திரன் வந்துட்டான். யாரு கூப்பிட்டா? கேப்டன் 'போகாதே'ன்னு கத்தறாரு. இவன் குனிஞ்சு குனிஞ்சு ஓடி வந்து, என்னை வாரித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடறான். மணல்ல கால் புதையுது. தோப்புலேருந்து அவனுங்க சுட்டுக்கிட்டே இருக்கானுங்க. இவன் வழி பூரா என்னை ஏசிக்கிட்டே வர்றான். "என்னடா தின்ன? சனியனே, என்னடா தின்ன? மாடு கூட இவ்ளோ கனம் இருக்காதேடா, என்னடா தின்ன?" அப்படியே மார்க்கெட் தூரமும். முந்தின நாள் ஆட்டுக்கறிக் குழம்பு. ஆக்கினது யாரு? அவன்தான்! 'தின்னு தின்னு'ன்னு என் தட்டுல அள்ளி அள்ளிக் கொட்டினது யாரு? அவன்தான்! அதைத் திருப்பிச் சொல்லலாம்னா என் வாயி அவன் முதுகுல அமுங்கியிருக்கு.

சுவருக்குப் பின்னாடி என்னைப் போட்டான். போட்டான்னா, சும்மா தொப்புனு போட்டான். உடனே திரும்பி ஓடினான். இன்னொருத்தன் விழுந்து கெடந்தான். ழில்னு பேரு, பிரெஞ்சுக்காரப் பையன், மீன்பிடிக்கிற ஊரு. எங்க கூட உக்காந்து கையாலயே சோறு திம்பான். அவனையும் தூக்கிட்டு வந்துட்டான் பிலவேந்திரன். அந்தப் பையன் லேசு, ஏச வேண்டி வரல. எறக்கி வெச்சப்பதான் தெரிஞ்சுது, வழியிலயே போயிட்டான்னு. பிலவேந்திரன் அவனை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே பார்த்துக்கிட்டு இருந்தான். யாரு கூப்பிட்டும் எழுந்திருக்கல. நான் பக்கத்துலதான் கெடந்தேன், அவன் மூஞ்சி எனக்கு நேர் எதிர்ல இருந்துச்சு. சரி, அதை விடுங்க. அந்தக் கதை இப்ப எதுக்கு.

மெடல் குடுக்கும்போது ஒரு வாசகம் படிப்பாங்க, வீரச் செயல் என்னன்னு. அதுல என்ன எழுதியிருந்தான்னு தெரியுமா? 'குண்டுமழைக்கு நடுவே, காயம்பட்ட தோழருக்குத் தாய்மொழியில் உற்சாக வார்த்தைகள் கூறியபடியே...' உற்சாக வார்த்தை! கேப்டனுக்குத் தமிழ் தெரியாது பாவம். அணிவகுப்புல நிக்கிறேன், ஊணுகட்டையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. பிலவேந்திரன் விறைப்பா நிக்கிறான், மூஞ்சியில ஒரு அசைவு இல்ல. 'காயம்பட்ட தோழர்'. அவ்வளவுதான் எனக்கு. பேரு கூடப் போடல. நான் மட்டும் அன்னிக்கு அங்க கெடக்கலைன்னா யாரைத் தூக்கியிருப்பான்? ஞாயமாப் பார்த்தா அதுல பாதி என்னுது.

நான் இதை அவன்கிட்டயே சொல்லியிருக்கேன். 'பாதி என்னடா, முழுசா வெச்சுக்கோ'ன்னு கழட்டிக் குடுத்துட்டான். எவன் வாங்குவான் அப்படிக் குடுத்தா? மூணு நாள் அலமாரியில வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்.

சர்வீஸ் முடிஞ்சு ரெண்டு பேரும் ஊருக்கு வந்துட்டோம். அவன் ரெட்டியார்பாளையத்துல வீடு கட்டினான், நான் முத்தியால்பேட்டை. பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிடுவாங்க, கோயில்ல கூப்பிடுவாங்க. மேடையில ஏறி அவன் என்ன சொல்லுவான்? 'ஒரு மூட்டை கெடந்துச்சு, எடுத்து ஓரமா வெச்சேன்.' இவ்வளவுதான். எல்லாரும் கை தட்டுவாங்க, ஆகா என்ன அடக்கம்னு. அவனுக்கு அடக்கம் சார், நான் மூட்டை!

அதையாவது பொறுத்துக்கலாம். ஜூலை பதினாலு இருக்கே, அதுதான் என் தலைவிதி.

பிரெஞ்சு தேசத் திருநாள். காலையில கடற்கரையில இருக்கிற போர் நினைவுச் சின்னத்துல நாங்க எல்லாரும் கோட்டு, தொப்பி, பளபளன்னு பூட்ஸ், மார்புல மெடலோட நிப்போம். ரெண்டு கொடி, ரெண்டு தேசிய கீதம், மலர் வளையம். பெரிய ஆளுங்க எல்லாம் காரேறிப் போனப்புறம் சொல்தா குடும்பங்க மட்டும் அங்கேயே நின்னு பேசிக்கிட்டு இருக்கும். அப்ப வருவான் பிலவேந்திரன். நேரா என்கிட்ட வருவான். ரெண்டு கையையும் என் இடுப்பைச் சுத்திப் போடுவான். கூட்டம் 'ஆன்! தே! த்ருவா!'ன்னு கத்தும், ஒண்ணு ரெண்டு மூணுதான், பிரெஞ்சுல. தூக்கிடுவான் சார் என்னை! பூட்ஸ் தரையில படாது. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "என்னடா தின்ன?"ம்பான். அத்தனை கூட்டமும் சிரிக்கும், கை தட்டும். பேரப் பசங்க வீடியோ எடுப்பாங்க. அப்புறம் எறக்கி விட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போயிடுவான்.

வருஷா வருஷம்! அறுபது வயசுல தூக்கினான். அறுபத்தஞ்சுல தூக்கினான். நான் தாத்தாவாயி, மீசை நரைச்சு, கோயில் கமிட்டியில இருக்கேன், என்னைக் கைக்குழந்தை மாதிரி தூக்குறான். என் கல்யாணத்துலயே தூக்கினவன்தான். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி. என் மாமனாரு சாகற வரைக்கும் என்னைப் பார்த்தா அதைச் சொல்லித்தான் சிரிப்பாரு.

அவன் சம்சாரம் மதலேன் நல்ல பொண்ணு, என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். ஒரு தடவை அதுகிட்ட வயிறெரிஞ்சு கேட்டேன், 'ஏம்மா தங்கச்சி, உன் புருஷனுக்கு என்னதான் வேணும்?'னு. அது சொல்லுது, 'அண்ணே, வருஷம் பூரா ராத்திரியில திடுக்குனு எழுந்து உக்காந்துப்பாரு. பதினாலாம் தேதி மட்டும்தான் கொறட்டை விட்டுத் தூங்குவாரு'ன்னு. நான் என்ன தூக்க மாத்திரையா சார்? அவன் தூங்கறதுக்கும் என்னைத் தூக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒண்ணும் புரியல, விட்டுட்டேன்.

இப்ப இந்த வருஷத்துக்கு வர்றேன். என் பேத்தி நத்தாலிக்குச் சம்பந்தம் பேசியிருக்கோம். மாப்பிள்ளையோட தாத்தா கடலூர்ல தாசில்தாரா இருந்தவரு, ஞானப்பிரகாசம்னு. சட்டைப் பையில இன்னும் ரெண்டு பேனா குத்தியிருப்பாரு. சிரிச்சா வரி போட்டுடுவாங்கங்கற மாதிரி மூஞ்சி. அவரு சொல்றாரு, 'ஜூலை பதினாலு நாங்க குடும்பத்தோட வர்றோம், உங்க மரியாதையை எல்லாம் கண்ணால பார்க்கணும்'னு.

என் மரியாதை! பிலவேந்திரன் வந்து தூக்கினா எங்க போகும் என் மரியாதை?

முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் தூக்க விடக் கூடாது. சொன்னாக் கேக்கற ஆளா அவன்? அதனால ஒரு திட்டம் போட்டேன். சிரிக்காதீங்க. ஈஸ்டர் முடிஞ்ச கையோட சாப்பிட ஆரம்பிச்சேன். காலையில மூணு தோசைக்கு ஆறு தோசை. சாயங்காலம் ரொட்டியில வெண்ணெய் இந்த மொத்தம். ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டு பழம். என் சம்சாரம் லெயோனி, 'என்னாங்க, புள்ளத்தாச்சி மாதிரி திங்கறீங்க?'ன்னா. கோட்டைப் பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு. ஆறு கிலோ சார்! வரட்டும், வந்து தூக்கிப் பார்க்கட்டும், எல்லாரு முன்னாடியும் மூச்சு வாங்கட்டும், இதோட விட்டுடுவான்னு நெனச்சேன்.

ஜூலை பொறந்ததும் மதலேன் போன் பண்ணுது. 'அண்ணே, அவருக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. கோடை பூரா படுத்துட்டாரு, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. டாக்டர் தண்ணிக் குடம் கூடத் தூக்கக் கூடாதுங்கறாரு. இந்த வருஷம் நீங்களாவது சொல்லித் தடுத்துடுங்க'ன்னு.

எனக்குச் சந்தோஷம் சார். பொய் சொல்லுவானேன். உடம்பு சரியில்லன்னதுக்கு இல்ல, சே, சே! எனக்கு ஒரு காரணம் கெடச்சுதே, அதுக்கு. டாக்டரே சொல்லிட்டாரு, பொண்டாட்டியே சொல்லிடுச்சு. அவன் வந்ததும் கையைப் பிடிச்சு, 'டேய், வேணாம்டா, வயசாச்சு'ன்னு மரியாதையா நிறுத்திடுவேன். சம்பந்தி பார்ப்பாரு, என்ன பெருந்தன்மைன்னு நெனப்பாரு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பார்த்தேன்.

பதினாலாம் தேதி காலையில அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோட்டு அவன் மேல தொங்குது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல என் கை போகும். தொப்பி மட்டும் அதே சாய்வுல வெச்சிருக்கான், திமிருக்குக் கொறச்சல் இல்ல. எல்லாம் முடிஞ்சு பெரிய ஆளுங்க போயாச்சு. சம்பந்தி என் பக்கத்துல நிக்கிறாரு, பேனாவும் அவருமா. பிலவேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வர்றான். நான் வாயைத் திறந்தேன், 'டேய், வேணாம்டா'ன்னு சொல்ல. அதுக்குள்ள கையைப் போட்டுட்டான்.

அந்தக் கை சார். நான் வளர்த்து வெச்ச வயித்தைச் சுத்தி அது முழுசா எட்டவே இல்ல. கூட்டம் 'ஆன்! தே! த்ருவா!'ங்குது. அவன் இழுக்கறான். நான் அசையல. திரும்ப இழுக்கறான். அசையல. திட்டம் பலிச்சிடுச்சு, நெனச்ச மாதிரியே. கூட்டத்துல சத்தம் கொறையுது. வீடியோ எடுக்கற பசங்க கூட போனை எறக்கறாங்க. நான் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த மூஞ்சியை நான் ஒரே ஒரு தடவைதான் முன்னாடி பார்த்திருக்கேன். அந்த மண்சுவருக்குப் பின்னாடி.

குதிச்சிட்டேன் சார்.

ஆமா, குதிச்சிட்டேன். நெனச்சுக் கூடப் பார்க்கல. முட்டியை மடக்கி ஒரே எம்பு. எனக்கே தெரியாது என் உடம்புல அவ்வளவு எம்பு இருக்குன்னு. அவன் கையில ஒரு நொடி நின்னேன், பூட்ஸ் தரையில இல்ல, சத்தியமா இல்ல. கூட்டம் 'ஓ'ன்னு கத்துது. அப்புறம் எறங்கினேன். எறங்கும்போது இந்த முட்டியில 'கடக்'னு ஒரு சத்தம். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன்.

அவன் எப்பவும் கேப்பான்ல, 'என்னடா தின்ன'ன்னு, அதைக் கேக்கல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு, "இளைச்சுட்டடா நீ. லேசா இருக்க"ங்கறான். ஆறு கிலோ ஏத்தியிருக்கேன், இளைச்சுட்டேனாம்! அப்பாடான்னு இருந்துச்சு. நல்லா நம்பிட்டான். நான் குதிச்சது அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த விஷயத்துல நான் கெட்டிக்காரன் சார்.

சம்பந்தி? அவரை ஏன் கேக்கறீங்க. அந்த மனுஷன் சிரிக்கிறாரு! பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, ஓடிப் போய் பிலவேந்திரன் கையைப் பிடிச்சுக் குலுக்கி, போட்டோ எடுத்துக்கிட்டு, என்கிட்ட திரும்பி, 'நீங்களும் மிலிட்டரிதானா?'ன்னு கேக்கறாரு. மார்புல மூணு மெடல் தொங்குது எனக்கு! கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. கல்யாணத்துக்கும் பிலவேந்திரன் கட்டாயம் வரணுமாம், வந்து தூக்கணுமாம். எப்படி இருக்கு பாருங்க.

மதலேன் போகும்போது என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போச்சு. தடுக்கச் சொல்லிச்சு, தடுக்கல, கோவமா இருக்கும்னு நெனக்கிறேன்.

அன்னிக்கு ராத்திரியே முட்டி வீங்கிடுச்சு. குதிச்சேன்னு சொல்ல முடியுமா? பாத்ரூம்னு சொன்னேன். நாலு நாள்ல சேதி எப்படியோ அவனுக்கும் போயிடுச்சு. இன்னிக்குக் காலையில ஆட்டோவோட வந்து நிக்கிறான், 'ஏறுடா, எலும்பு டாக்டர்கிட்ட போலாம்'னு. கீழதான் இருக்கான், ஆட்டோவுலயே. இங்க லிஃப்ட் வேலை செய்யல, பார்த்தீங்கள்ல? 'இரு, உன்னை மேல தூக்கிட்டுப் போறேன்'னு எறங்கறான் சார்! நல்லா ஏசிட்டு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்லயே மாடி ஏறி வந்தேன்.

வரும்போது வழி பூரா சிரிப்பு வேற அவனுக்கு. 'பாத்ரூம்ல வழுக்கினியாமே, பாத்ரூம்ல வழுக்கினியாமே'ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். ஒருத்தன் வழுக்கி விழுந்ததுல சிரிக்க என்ன இருக்கு? அப்புறம் சொல்றான், 'அடுத்த வருஷம் பூட்ஸ் வேணாம்டா, கேன்வாஸ் போட்டுக்கோ, முட்டிக்கு நல்லது'ன்னு. பாத்ரூமுக்கு யாராவது பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போவாங்களா? வயசாயிடுச்சு சார், என்ன பேசறோம்னே தெரியல அவனுக்கு.

இருங்க, என் பேரைக் கூப்பிடறாங்க. கொஞ்சம் அந்தக் கோலை எடுத்துக் குடுங்க. நன்றி சார்.

கட்டு போடட்டும், ஊசி குத்தட்டும், ஆபரேஷன்னு சொல்லட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். டாக்டர்கிட்ட எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அடுத்த ஜூலைக்குள்ள இந்தக் காலை ஊணி ஒரு தடவை எம்ப முடியுமா, முடியாதா? ஒரே ஒரு தடவை போதும். அவன் விட மாட்டான் சார், உங்களுக்கு அவனைத் தெரியாது.